வாடகை வீட்டைத் தோதாக மாற்றிக்கொள்வது எப்படி: ஆணி அடிப்பது முதல் அட்வான்ஸ் வாங்குவது வரை

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கும்போது நாம் விசாரிப்பது நாலைந்து விஷயங்கள்தான். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் எப்படி, வண்டி நிறுத்த இடம் உண்டா, அசைவம் சமைக்கலாமா. பால் காய்ச்சிக் குடிவந்த பிறகுதான் மற்றதெல்லாம் தெரிய வரும். அடுப்பு மேடையில் நம் நிழலே விழும். காய் நறுக்கக் கண் தெரியாது. படுக்கையறை ஜன்னலில் கொசுவலை இருக்காது. குளியலறையில் துண்டு போட ஒரு கம்பி இருக்காது. "நம்ம வீடா என்ன, ரெண்டு வருஷம்தானே" என்று சொல்லிக்கொண்டே ஐந்தாறு வருடம் ஓட்டுபவர்கள் நிறையப் பேர். வந்த வேகத்தில் மாடுலர் கிச்சன் வரைக்கும் போய், காலி செய்யும்போது அதை அப்படியே ஓனருக்கு விட்டுவிட்டு வருபவர்களும் உண்டு.

இரண்டும் வேண்டாம். எந்த வேலையைத் தொடும் முன்பும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: காலி செய்யும்போது இது என் கூட வருமா, சுவரோடு நின்றுவிடுமா? கூட வருவதற்கு நம் காசு. நின்றுவிடுவதற்கு ஓனர் காசு. அது கிடைக்காவிட்டால் குறைந்தது ஓனரின் சம்மதமாவது எழுத்தில் வேண்டும். கீழே வரும் எல்லாமே இந்தக் கணக்கில் சொன்னவைதான். சென்னை வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். மதுரை, திருச்சி, கோவையிலும் சுவரும் குழாயும் ஓனரும் பெரிதாக வேறுபடுவதில்லை.

படி 1: சாமான் இறங்கும் முன் வீட்டைப் படம் எடுப்பது

காலி வீடாக இருக்கும் அந்த ஒரு நாள்தான் வாய்ப்பு. வாசலில் தொடங்கி அறை அறையாக ஒரு வீடியோ எடுங்கள். அப்புறம் தனித்தனிப் படங்கள்: சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஆணி ஓட்டைகள், விரிசல் விட்ட டைல்ஸ், சீலிங்கில் நீர்க்கறை, உடைந்த சுவிட்ச், ஒழுகும் குழாய், துருப்பிடித்த ஜன்னல் கம்பி, கரண்ட் மீட்டர் ரீடிங். எல்லாவற்றையும் அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு பதிவாகிவிடும். "குடிவரும்போது எப்படி இருந்தது என்று உங்களுக்கும் ஒரு பதிவு இருக்கட்டும் சார்" என்று ஒரு வரி சேர்த்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தச் சுற்றிலேயே உள்ளங்கையால் ஒவ்வொரு சுவரையும் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அது சுண்ணாம்போ மலிவான டிஸ்டம்பரோ. ஒட்டாமல் வழவழவென்று இருந்தால் எமல்ஷன். பின்னால் எந்தச் சுவரில் எதை ஒட்டலாம், எதை ஒட்டக்கூடாது என்பதை முடிவு செய்யப்போவது இதுதான்.

படி 2: யார் செலவு என்று தெரிந்துகொள்வது

2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்று ஒரு அட்டவணையே போட்டு வைத்திருக்கிறது. கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின் ஒயரிங் ஆகியவை ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், குழாய், சாக்கடை அடைப்பு, கழிப்பறை, வாஷ்பேசின், கீசர் பழுது, சுவிட்ச், பிளக் பாயின்ட், கதவுத் தாழ்ப்பாள், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. சாதாரணமாகப் புழங்குவதால் வரும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

நடைமுறை வேறு. காலி செய்யும்போது "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை" என்று பிடித்துக்கொள்வது சென்னையில் பலர் வைத்திருக்கும் வழக்கம். பல அக்ரிமென்ட்களில் அதை எழுதியே வைத்திருப்பார்கள், நாமும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்போம். ஆகவே அக்ரிமென்ட்டை எடுத்து "பெயிண்டிங்", "மாற்றம்", "சேதம்" என்று வரும் வரிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். பெயிண்டுக்கு எப்படியும் ஒரு மாத வாடகை பிடிப்பார்கள் என்று எழுதியிருந்தால், சுவரில் நாலு ஓட்டை போட அவ்வளவு கூச்சப்பட வேண்டியதில்லை. அதற்கான காசை முன்கூட்டியே ஒத்துக்கொண்டு விட்டீர்கள்.

படி 3: ஓனரிடம் கேட்பது

ஓனர் கீழ் வீட்டிலேயே இருந்தால் முதலில் நேரில் பேசுங்கள், பிறகு மெசேஜ் அனுப்புங்கள். நேரில் பேசாமல் மெசேஜ் மட்டும் போட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். நேரில் பேசியதோடு விட்டால் இரண்டு வருடம் கழித்து "நான் எப்போ சொன்னேன்?" என்பார்கள். மெசேஜ் இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம் சார். காலையில் பேசியபடி, ஹாலில் கர்ட்டன் ராடுக்கு 4 ஓட்டையும் சமையலறையில் ஒரு செல்ஃபுக்கு 4 ஓட்டையும் போடுகிறோம். ஆள் வைத்து டிரில் போட்டே செய்கிறோம், செலவு எங்களுடையது. காலி செய்யும்போது பட்டி பார்த்து அடைத்துத் தருகிறோம். சரி என்று ஒரு பதில் போடுங்கள் சார்."

எத்தனை ஓட்டை, எந்த இடம், யார் செலவு, கடைசியில் என்ன நிலையில் திருப்பித் தருவோம் என்ற நாலும் இருக்கிறதா பாருங்கள். "கொஞ்சம் வேலை பண்ணிக்கலாமா சார்?" என்று பொதுவாகக் கேட்டால் "வேண்டாமே" என்பதுதான் பதிலாக வரும். ஓனருக்கு நம் மேல் கோபமில்லை. சுவரை என்ன செய்யப் போகிறோமோ என்ற பயம்தான். எண்ணிக்கை தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

நின்றுவிடும் பொருளாக இருந்தால் கேட்கும் விதத்தை மாற்றுங்கள். "பாத்ரூம் கதவு அடியில் உளுத்துவிட்டது, பிவிசி கதவு மாற்றிக்கொடுங்கள் சார். ஆளை நாங்களே பிடித்து, கூட நின்று வேலை வாங்கிக்கொள்கிறோம், காசை மட்டும் வாடகையில் கழித்துக்கொள்ளலாம்" என்றால் பெரும்பாலும் வேலை நடக்கும். ஆள் தேடி அலைவதுதான் பல ஓனர்களுக்கு அலுப்பு.

படி 4: அழகுக்கு முன் பழுது

திரைச்சீலை வாங்க ஓடுவதற்கு முன் வீட்டில் ஓடாததை ஓட வையுங்கள். இந்தப் பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் சில நூறு ரூபாயில் முடிபவை. ஆனால் தினமும் எரிச்சல் மூட்டுபவை இவைதான்.

மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் உடனே புது விசிறி வாங்க வேண்டாம். பழைய விசிறிகளில் பெரும்பாலும் கெபாசிட்டர்தான் போயிருக்கும். 2.5 எம்எஃப்டி என்று எழுதிய சின்ன வெள்ளைப் பெட்டி. பழையதில் என்ன எண் இருக்கிறதோ அதையே கேட்டு வாங்க வேண்டும். எலக்ட்ரீஷியன் வந்தால் பத்து நிமிட வேலை.

குழாயில் தண்ணீர் சன்னமாக வந்தால் வாயில் உள்ள வடிகட்டியைக் கையால் திருகிக் கழற்றிப் பாருங்கள். போர் தண்ணீர் வரும் வீடுகளில் அதில் உப்புப் படிந்து அடைத்திருக்கும். ராத்திரி ஒரு கிண்ணம் வினிகரில் போட்டு, காலையில் பழைய பல் பிரஷால் தேய்த்தால் சரியாகிவிடும். ஷவரைக் கழற்ற வராவிட்டால், ஒரு பாலிதீன் கவரில் வினிகர் ஊற்றி ஷவர் முகத்தை அதில் மூழ்கவிட்டு ரப்பர் பேண்டால் கட்டி விட்டுவிடுங்கள்.

குளியலறையில் நாற்றம் வந்தால் ஃபினாயில் ஊற்றுவதற்கு முன் தரை ஓட்டைகளைப் பாருங்கள். புழங்காத ஓட்டையில், அடியில் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போனால் சாக்கடைக் காற்று நேராக மேலே வரும். வாரம் ஒருமுறை ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாலே நின்றுவிடும். கரப்பான் வராத சல்லடை மூடி ஒன்று போட்டால் இன்னும் நல்லது.

உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றும் பழக்கம் நம் ஊரில் அதிகம். மொசைக், மார்பிள், கடப்பா கல் இருக்கும் இடத்தில் அதைத் தொடவே வேண்டாம். இவற்றில் இருப்பது சுண்ணாம்பு வகைக் கல். ஆசிட் பட்டால் கறையோடு கல்லும் அரித்துப் போகும், பளபளப்பு திரும்ப வராது, ஓனர் அட்வான்ஸில் கைவைக்கும் முதல் இடமும் அதுதான். எலுமிச்சை, வினிகர்கூட இந்தக் கற்களில் ஊறக்கூடாது. ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடுவது அதைவிட மோசம். குளோரின் வாயு கிளம்பி மூச்சு அடைக்கும்.

ஹெல்த் ஃபாசெட், புதுக் குழாய் போன்றவற்றை மாட்டும்போது கழற்றிய பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு கவரில் போட்டு "பாத்ரூம் பழைய குழாய்" என்று எழுதி லாஃப்டில் வையுங்கள். போகும்போது அதைத் திரும்ப மாட்டிவிட்டு, நல்லதை எடுத்துக்கொண்டு போகலாம். மாட்டும்போது மரைக்கு டெஃப்லான் டேப்பை மரை சுற்றும் திசையிலேயே பத்துச் சுற்று சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகத் திருகப் பிரிந்துவிடும்.

படி 5: வெளிச்சமும் கரண்டும்

சமையலறை விளக்கு பெரும்பாலும் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், அதனால்தான் மேடையில் நிழல் விழுகிறது. பல்பை மாற்றி இதற்குத் தீர்வு கிடைக்காது. லாஃப்டின் அடிப்பக்கத்தில், மேடைக்கு நேர் மேலே, பிளக் வைத்த ஒரு சின்ன எல்இடி டியூப் பொருத்துங்கள். ஒயரிங் வேண்டாம், காலி செய்யும்போது கழற்றிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் வாடகை வீட்டில் குறைந்த காசுக்கு அதிகப் பலன் தருவது இந்த ஒன்றுதான்.

விசிறி வாங்குவதென்றால் பிஎல்டிசி வகை (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்தது) வாங்குங்கள். பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், இது 30 வாட் அளவில் ஓடும். தினம் 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கே 40 யூனிட் மிச்சமாகும். ஓனரின் விசிறியைக் கழற்றி பத்திரமாகக் கட்டி வையுங்கள். இது உங்களோடு வரும் பொருள்.

எச்சரிக்கை ஒன்று. இன்ஸ்டன்ட் கீசர் 3,000 வாட் என்றால் ஏறக்குறைய 13 ஆம்பியர் இழுக்கும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 9 ஆம்பியர் பக்கம் வரும். சாதாரண சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. அதில் இவற்றை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகச் சொருகினால் ஒயர் சூடாகி பிளாஸ்டிக் உருகும் வாடை வரும். வாடையோடு நின்றால் அதிர்ஷ்டம். பெரிய பிளக் பாயின்ட் இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி லைன் இழுக்க வேண்டும். அது ஒயரிங் வேலை, ஓனரோடு பேச வேண்டியது. ஏசிக்கும் இதே கதைதான். கூடவே சுவரில் பெரிய துளை ஒன்றும் போட வேண்டியிருக்கும், அதற்கும் சேர்த்துச் சம்மதம் வாங்குங்கள்.

படி 6: சுவரில் எதையாவது மாட்டுவது

முதலில், ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்துங்கள். முன்பு இருந்தவர் அடித்த ஆணி, ஜன்னல் கம்பி, லாஃப்டின் விளிம்பு, சீலிங்கில் ஊஞ்சலுக்கோ தொட்டிலுக்கோ விட்ட கொக்கி என்று பார்த்தால், புது ஓட்டைக்குத் தேவை பாதியாகக் குறையும்.

ஒட்டும் கொக்கிகள் டைல்ஸிலும் கண்ணாடியிலும் நன்றாக நிற்கும். எமல்ஷன் சுவரில் லேசான பொருளுக்கு ஓரளவு தாங்கும். கையில் பொடி ஒட்டிய சுவரில் நிற்கவே நிற்காது. பசை ஒட்டுவது சுவரில் இல்லை, பொடியில். ராத்திரி இரண்டு மணிக்குத் தொப்பென்று சத்தம் கேட்கும். கவரில் போட்டிருக்கும் எடைக்கணக்கு வழவழப்பான பரப்புக்கானது என்பதையும் மறக்க வேண்டாம்.

கனமான பொருளுக்கு ஓட்டைதான் வழி. சுத்தியலால் கான்கிரீட் ஆணி அடித்தால் சுவர்ப்பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழும். டிரில் போட்டால் 6 மில்லிமீட்டர் ஓட்டை மட்டும்தான், பின்னால் அடைப்பதும் எளிது. போடும் முறை இது.

இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் போடாதீர்கள்; சுவருக்குள் ஒயர்க் குழாய் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். குளியலறையில் குழாய்க்கும் ஷவருக்கும் கீசருக்கும் இடைப்பட்ட சுவரை விட்டுவிடுங்கள், உள்ளே தண்ணீர்க் குழாய் இருக்கும். டைல்ஸ் சுவரென்றால் நடு டைல்ஸில் போடாமல் இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டில் போடுங்கள். காலி செய்யும்போது வொயிட் சிமெண்ட் வைத்தால் ஓட்டை இருந்த இடமே தெரியாது.

குறித்த இடத்தில் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் ஓரம் பெயராது. அதற்குக் கீழே ஒரு காகிதத்தை மடித்துத் தொட்டி மாதிரி ஒட்டினால் தூள் தரையில் கொட்டாது. டிரில்லை முதலில் சாதாரணமாக ஓட்டி, பூச்சைத் தாண்டிய பிறகு மட்டும் ஹேமர் மோடுக்கு (தட்டிக்கொண்டே துளைப்பது) மாற்றுங்கள். வெளியே வரும் தூளைக் கவனியுங்கள். சிவப்பாக வந்தால் செங்கல், நல்ல பிடிமானம். சாம்பல் நிறத்தில் வந்து, டிரில் உள்ளே போக மறுத்தால் கான்கிரீட். ஜன்னலுக்கு மேலே, தரையிலிருந்து சுமார் ஏழடி உயரத்தில் லிண்டல் என்ற கான்கிரீட் உத்தரம் ஓடும். கர்ட்டன் ராடு மாட்டும் இடமும் அதுதான் என்பதால் அங்கே சின்ன டிரில் திணறும். கம்பியைத் தொடும் சத்தம் மாறினால் நிறுத்திவிட்டு ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். வெறும் பூச்சு மட்டும் பொலபொலவென்று கொட்டிக்கொண்டே இருந்தால் அந்த இடம் எதையும் தாங்காது, கைவிட்டுவிடுங்கள்.

ஓட்டையில் உள்ள தூளை ஊதி எடுத்துவிட்டு, ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக்கைச் செருகுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊதுங்கள். பிளக் இறுக்கமாக, சுத்தியலால் லேசாகத் தட்டினால் இறங்கும் அளவில் இருக்க வேண்டும். கையால் அழுத்தியதும் பொசுக்கென்று உள்ளே போனால் ஒரு சைஸ் பெரிய பிளக். தீக்குச்சி சொருகிச் சமாளிக்க வேண்டாம்.

ஓட்டையே போடக்கூடாது என்று ஓனர் உறுதியாகச் சொல்லிவிட்டால் ஜன்னல் பள்ளத்துக்குள் இறுக்கி நிற்கும் ஸ்பிரிங் ராடு கிடைக்கிறது. அதில் மெல்லிய திரை தாராளமாகத் தொங்கும். கனத்த திரை சரிந்துவிடும்.

படி 7: கொசுவலை

சென்னை வீட்டில் கொசுவலை ஆடம்பரம் இல்லை. ஆனால் மரச்சட்டம் போட்டு ஆணி அடிக்கும் வலை சுவரோடு நின்றுவிடும் வகை. வாடகை வீட்டுக்கு வெல்க்ரோ வலைதான் சரி. பேசிவிட்டால் ஆள் வந்து ஜன்னலுக்கு இவ்வளவு என்று வாங்குவார். நாமே செய்தால் செலவு பாதிக்கும் கீழே வரும்.

பழைய மர ஜன்னல்களில் கதவு வெளிப்பக்கம் திறக்கும், கம்பி நடுவில் இருக்கும். ஆகவே வலை உள்பக்கம், மரச்சட்டத்தின் மேல் வர வேண்டும். அகலத்தையும் உயரத்தையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பழைய ஜன்னலும் சரியான சதுரத்தில் இருப்பதில்லை. நாலு பக்கமும் ஓர் அங்குலம் கூட்டி ஃபைபர் வலையை வெட்டி, ஓரத்தில் வெல்க்ரோவின் மெத்தென்ற பட்டையைத் தையல்காரரிடம் கொடுத்து அடித்து வாங்குங்கள். சொரசொரப்பான பட்டை, பசையோடு இருப்பது, சட்டத்துக்கு.

சட்டத்தை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பெயிண்ட் உரிந்து நிற்கும் இடங்களைச் சுரண்டிவிடுங்கள். அவசரத்தில் இதை விட்டால் ஒரே மாதத்தில் பட்டை பெயிண்டோடு கையில் வரும். பட்டையை ஒட்டி, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து, ஒரு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் வலையை மேலிருந்து கீழாக ஒட்டிக்கொண்டு வாருங்கள். நாலு மூலையிலும் பட்டைகள் இடைவெளியில்லாமல் முட்டிக்கொள்ள வேண்டும். கொசுவுக்கு அந்த மூலை ஒன்றே போதும்.

மழை வந்தால் ஜன்னல் கதவைச் சாத்த, கம்பிக்குள் கையை விட வேண்டும் இல்லையா? கொக்கி இருக்கும் பக்கத்துக் கீழ்மூலையை மட்டும் பிரித்துவிட்டு, வேலை முடிந்ததும் அழுத்திவிடுவது வழி. வீட்டில் எல்லோருக்கும் அந்த மூலையைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆளுக்கொரு பக்கம் இழுத்து வலையைத் தளர்த்திவிடுவார்கள்.

ஜன்னலை எல்லாம் மூடிவிட்டுக் குளியலறை வென்டிலேட்டரை மறந்துவிடாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. அதனால் சம்ப் மூடி, மாடித் தொட்டி மூடி, பால்கனிச் செடித் தட்டுகளையும் ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது.

படி 8: வெயிலும் ஓதமும்

மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்கு ஏப்ரல், மே எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தளம் ராத்திரியெல்லாம் கீழே இறக்கும். தளத்துக்கு வெள்ளைக் கூலிங் பெயிண்டோ, குறைந்த செலவில் சுண்ணாம்போ அடித்தால் வெயிலின் பெரும்பகுதி மேலேயே திருப்பி அனுப்பப்படும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பொங்கலும் முடிந்த பிறகு, பிப்ரவரி வாக்கில் பெருக்கிக் கழுவிக் காயவிட்டு இரண்டு கோட் அடிப்பது வசதி. இது ஓனரின் தளம், நின்றுவிடும் வேலை. ஆகவே பெயிண்ட் அவருடையது, கூலி நம்முடையது என்று பேசிப் பாருங்கள். தன் தளம் வெயிலில் வெடிக்காமல் இருக்கும் என்பதால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டியோ பச்சை நிழல்வலையோ கட்டுவது பலன் தரும். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், அப்புறம் திரை தடுப்பது வெளிச்சத்தை மட்டும்தான்.

ஓதம் பற்றி ஒன்றே ஒன்று. சுவரின் அடிப்பகுதி உப்புப் பூத்து உரிந்தால் அதன் மேல் பெயிண்டோ வால்பேப்பரோ ஒட்டி மறைக்காதீர்கள். உள்ளே ஈரம் அடைபட்டு பூஞ்சை வரும். சுவருக்கு மறுபக்கம் குளியலறை இருந்தால் குழாய்க் கசிவாக இருக்கலாம். படம் எடுத்து ஓனருக்கு அனுப்புங்கள், அது அவர் வேலை. பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து மூன்று விரற்கடை தள்ளிப் போட்டு வையுங்கள்.

படி 9: செல்ஃப், தரை, பூஜை இடம்

நம் ஊர் வாடகை வீடுகளில் கதவில்லாத கடப்பா கல் செல்ஃப்கள் ஏராளம். தச்சரை வைத்துக் கதவு போட்டால் அது வீட்டோடு நின்றுவிடும். ஸ்பிரிங் ஒயரில் ஒரு திரை போட்டால் தூசியும் வராது, கண்ணுக்கும் உறுத்தாது. இடம் போதாவிட்டால் போல்ட் போட்டுப் பிரிக்கக்கூடிய ஸ்டீல் ஆங்கிள் ரேக் ஒன்று வாங்குங்கள். இந்த வீட்டில் சமையலறை சாமான், அடுத்த வீட்டில் புத்தகம், அதற்கடுத்த வீட்டில் பால்கனிச் செடி என்று கூடவே வரும்.

தரை பிடிக்காவிட்டால் பிவிசி விரிப்பை ஒட்டாமல் விரித்தால் போதும். தரைத்தளத்து வீட்டில் அதையும் மாதம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், அடியில் ஈரம் கோக்கும். பூஜை விளக்குக்குப் பின்னால் சுவரில் கரி படியாமல் இருக்க ஒரு பெரிய டைல்ஸையோ ஸ்டீல் தட்டையோ சாய்த்து வையுங்கள். விளக்குக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் சாதாரண வெள்ளையடிப்பில் மறையாது, மேலே தெரிந்துகொண்டே இருக்கும். வாசலில் ஒட்டும் கோலத்தையும் தவிர்த்துவிடலாம். பிய்த்தால் பாதி தரையிலேயே தங்கும்.

ஒரே ஒரு சுவருக்கு நிறம் அடிக்க ஆசையா? பத்துக்குப் பத்து சுவருக்கு இரண்டு கோட் எமல்ஷன் என்றால் ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் ஆகும். ஆனால் அடர் நீலமோ மெரூனோ அடித்தால், அதைத் திரும்ப வெள்ளையாக்க பிரைமரும் சேர்த்து இரட்டைச் செலவு. வெளிர் நிறமாக எடுத்து, ஓனரிடம் நிற அட்டையைக் காட்டிக் கேட்டுவிட்டு அடித்தால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டுப் போகச் சொல்வார்.

படி 10: காலி செய்யும்போது

லாரி வரும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். ஒட்டுப்பசைகளை எடுக்க ஹேர் டிரையரால் சூடு காட்டி மெதுவாக உரிக்கலாம். மிச்சப் பிசினைத் தேங்காய் எண்ணெயில் ஊறவிட்டுத் துடைக்கலாம். எண்ணெய் வைத்தியம் மரம், டைல்ஸ், கண்ணாடிக்கு மட்டும். சுவரில் பட்டால் கறை.

ஓட்டைகளில் பிளக்கை இழுத்து எடுங்கள். வராவிட்டால் ஸ்க்ரூவைப் பாதி திருகி, குறடால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். பட்டியைக் கெட்டியாகக் குழைத்து, சுவர் மட்டத்துக்கு மேல் சற்றே மேடாக வையுங்கள், காயும்போது உள்வாங்கும். மறுநாள் உப்புத்தாளால் சமமாகத் தேய்த்து, அதே நிறத்தில் ஒரு பூச்சு. குடிவந்தபோது அடித்திருந்த பெயிண்டின் பெயரை ஓனரிடம் அப்போதே கேட்டுக் குறித்து வைத்திருந்தால் இங்கே கைகொடுக்கும்.

பழைய குழாய், பழைய விசிறிகளைத் திரும்ப மாட்டுங்கள். குடிவந்த நாளில் எடுத்த வீடியோவை முன்னால் வைத்துக்கொண்டு அதே இடங்களில் இன்னொரு வீடியோ எடுங்கள். கரண்ட் ரீடிங்கையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸை, நியாயமான பிடித்தங்கள் போக, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் சாவி கை மாறும் நேரத்திலேயே அதையும் பேசி முடிப்பதுதான் சுலபம். பிடித்தம் இருந்தால் எதற்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். "பெயிண்டிங், மத்த செலவு எல்லாம் சேர்த்து" என்று மொத்தமாகச் சொன்னால் சண்டை போடாமல், "தனித்தனியா எழுதிக் கொடுத்துடுங்க சார், கணக்குக்கு" என்று கேளுங்கள். எழுத உட்கார்ந்தாலே தொகை கொஞ்சம் இறங்கும்.

கர்ட்டன் ராடு, கொசுவலை போன்ற அந்த வீட்டு அளவுக்கே செய்த சாமான்களைக் கழற்றும் முன், அடுத்துக் குடிவரப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். வீடு பார்க்க வரும்போதே அவர் கண் ஜன்னல் பக்கம் போயிருக்கும். பாதி விலை கிடைத்தாலும் லாபம்தான். புது வீட்டு ஜன்னல் அளவு எப்படியும் வேறாகத்தான் இருக்கும்.